ஐவியின் பதினைந்தாவது முறைப்பாடு

1967 செப்டம்பர் 3ஆம் திகதி பிறப்பு. இடம்: மஸ்கெலியா நகரிலிருந்து ஒன்பது கிலோமீற்றர் மேலே, கெல்பிரே தோட்டம், கீழ்ப்பிரிவு, தொழிலாளர் வரிசை வீடுகளில் நான்காம் லயம். அதே ஆண்டு ஒக்டோபரில் ஞானஸ்நானம், பெயர் ஐவி. 1985இல் கொழுந்து பறிப்பவராகத் தோட்டப் பதிவு. 1989இல் திருமணம், கணவர் அன்டன், தேயிலைத் தொழிற்சாலையின் காவலாளி. 2016 முதல் பிரஷர், 2019 முதல் சீனி வியாதி. 2015க்கும் 2023க்கும் இடையில் எழுத்து மூலம் சமர்ப்பித்த முறைப்பாடுகள் பதினான்கு. அவற்றுள் தீர்க்கப்பட்டவை மூன்று.

பதினான்கின் விபரம் வருமாறு: தண்ணீர்க் குழாய் குறித்து ஐந்து, பஸ் குறித்து நான்கு, கொழுந்துத் தராசு குறித்து இரண்டு, மேல் லயத்து ஆடு குறித்து இரண்டு, ஞாயிறு பூசைக்கான மணி ஆறு நிமிடம் பிந்தி அடிப்பது குறித்துப் பங்குத் தந்தைக்கு ஒன்று. தீர்ந்த மூன்றில் இரண்டு ஆட்டைப் பற்றியவை. அந்த ஆடு ஒரு நத்தார்ப் பண்டிகைக்குக் கறியானதோடு அவை தாமாகவே முடிவுக்கு வந்தன. எழுதிக் கொடுப்பவர் எப்போதும் அன்டன்தான். அவருக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும்; பேச்சுத்தான் வராது. இருவருக்கும் இடையில் அந்த வீட்டில் ஒரு முழு வழக்கறிஞர் இருந்தார் என்று சொல்லலாம்.

இத்தனை முறைப்பாடுகளிலும் மருத்துவம் பற்றி ஒன்றுகூட இல்லை என்பதை ஐவி 2024 பெப்ரவரி வரை கவனிக்கவே இல்லை.

கவனித்திருந்தால் காரணம் கேட்கத் தோன்றியிருக்கும். ஏனென்றால் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஐவிக்குப் பெரும்பாடு. அன்றுதான் நகரத்து ஆஸ்பத்திரியில் பிரஷருக்கும் சீனிக்குமான கிளினிக். காலை ஐந்து பத்துக்குச் சந்தியில் பஸ் பிடிக்க வேண்டும். அதற்கு நான்கரைக்கே, கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிக்கொண்டு, மழையானால் குடையும் வெயிலானால் அதே குடையுமாக மலையிறங்க வேண்டும். நம்பர் துண்டு எடுத்தால் எண்பத்தேழு, தொண்ணூற்றிரண்டு என்று வரும். டொக்டர் அவரைப் பார்க்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். திரும்பி லயத்துக்கு ஏறும்போது பின்னேரம் மூன்று. அன்றைக்கு மலையில் அவருக்குப் பேர் கிடையாது.

தோட்டத்தில் பேர் என்பது ஒரு நாள் வேலைக்குக் கணக்கில் விழும் பதிவு. நாள் முழுதும் நின்று, சொன்ன கிலோவைப் பறித்தால் முழுப் பேர். பாதியில் வீட்டுக்குப் போனாலோ நிறை குறைந்தாலோ அரைப் பேர். கிளினிக்குக்காக ஐவி ஆண்டுக்குப் பன்னிரண்டு முழுப் பேர்களைப் பறிகொடுத்து வந்தார். ஆனாலும் போன தையில் அந்த டொக்டர் தலையை நிமிர்த்தி, "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்டுவிட்டார். திரும்பி வந்த பஸ் முழுவதும் அதே பேச்சு. "தங்கமான மனுசன்" என்று முடிவாயிற்று. அவர் கேட்டது, வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பதற்காக என்பது ஒருவருக்கும் பெரிய விடயமாகப் படவில்லை.

தோட்டத்திலேயே ஒரு சிறிய மருந்தகம் உண்டு. அதை நடத்துபவர் சிவராசா. பருத்தித்துறைக்காரர், மருத்துவ உதவியாளராகத் தோட்டத்துக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள். மக்கள் அவரை டொக்டரையா என்பார்கள். "நான் டொக்டர் இல்லை" என்று அவர் திருத்துவார். "சரிங்க டொக்டரையா" என்பார்கள். அவரிடம் எந்த நாளிலும் இருக்கும் மருந்துகள் மூன்று; சில நாட்களில் நான்கு. பிரஷர் பார்க்கும் கருவி உண்டு, அதன் காற்றுக் குழாய் ஒட்டுப் போட்டது. இரத்தச் சீனி பார்க்கும் கருவி இல்லை. ஆனால் வாசலில் யார் தலை தெரிந்தாலும் அவர், "வாங்கோ, இருங்கோ" என்பார். மூன்று தலைமுறையாக ஆபீஸ் வாசல்களில் "என்ன?" என்ற ஒற்றைக் கேள்வியோடு வரவேற்கப்பட்டவர்களுக்கு அந்த இரண்டு சொற்களுமே பாதி மருந்து.

பெப்ரவரி 13ஆம் திகதி சிவராசாவுக்குச் சுகாதாரப் பணிமனையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சுற்றியுள்ள ஐந்து இடங்களில் நோயாளர் திருப்தி பற்றி ஆய்வு நடைபெறும். திருப்தி குறைந்த இரண்டு இடங்களுக்கு, மாதம் ஒருமுறை டொக்டரும் இரத்தப் பரிசோதனையுமாக நடமாடும் கிளினிக் அனுப்பப்படும். சிவராசா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, மாத்திரைக்கு வந்திருந்த ஐவியிடம் சொன்னார்:

"ஐவியக்கா, இது எங்களுக்குள்ள இருக்கட்டும். வாற கிழமை ஒரு பிள்ளை வந்து கேள்வி கேக்கும். எல்லாரும் எனக்குக் குறைச்சுப் போடோணும்."

"எதைங்க ஐயா கொறைக்க?"

"புள்ளியை. மருந்து இல்லை, மெசின் இல்லை, கவனிப்பு இல்லை எண்டு சொல்லோணும். அப்பதான் கிளினிக் இஞ்ச வரும். வந்தா நீங்கள் ஏன் மஸ்கெலியாவுக்கு அலையப் போறியள்?"

ஐவிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கிளினிக் இங்கேயே வருவது! நான்கரை மணிப் பனி இல்லை, பஸ் இல்லை, பன்னிரண்டு பேரும் கைக்குள். திட்டித்தான் அதைக் கொண்டுவர வேண்டும் என்றால், திட்டுவதற்கு இந்தத் தோட்டத்தில் தன்னைவிடத் தகுதி வாய்ந்தவர் எவரும் இல்லை என்பதை அவர் அறிவார். "அத எங்கிட்ட விட்டுடுங்கய்யா" என்று எழுந்தார்.

ஆனால் சிவராசாவால் ஐவியிடம் விட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்தடுத்த நாட்களில் மருந்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும், "என்னைப் பற்றிக் குறைவாச் சொல்லுங்கோ" என்று தாமே கேட்டுக்கொண்டார். அதன் விளைவு அவர் எதிர்பாராதது. கடிதத்தின் நுணுக்கம் எவர் காதிலும் தங்கவில்லை. தங்கியது ஒன்றுதான்: டொக்டரையா, தன்னைத் திட்டச் சொல்லித் தானே கேட்கிறார். மனுசன் உடைந்து போயிருக்கிறார். ஊரில் ஏதோ துக்கம். அல்லது பணிமனையில் யாரோ பலமாக ஏசியிருக்கிறார்கள்.

புதன்கிழமை அவர் மேசைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. வியாழக்கிழமை எட்டு நாட்டுக்கோழி முட்டையும் இரண்டு பட்டர்ஃபுரூட்டும். வெள்ளிக்கிழமை ஓய்வுபெற்ற கங்காணி பழனியாண்டி, எழுபத்து நான்கு வயதில் தடியை ஊன்றி ஏறி வந்து, மாரியம்மன் கோயில் விபூதியை அவர் நெற்றியில் பூசிவிட்டு, "எல்லாஞ் சரியாப் போயிருங்கய்யா, நாங்க இருக்கோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சிவராசா முட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்த ஐவி நிலைமையைக் கேள்விப்பட்டதும் ஒத்திகை ஒன்று வைத்தேயாக வேண்டும் என்று தீர்மானித்தார். இடம், தண்ணீர்க் குழாயடி. நேரம், பின்னேரம் நான்கு. வந்தவர்கள் பதினொருவர், தண்ணீருக்கு வந்தவர்களையும் சேர்த்து. முதலில் அகப்பட்டவர் பக்கத்து வீட்டு நாகலெட்சுமி.

"நாந்தான் மிஸ்ஸுன்னு வச்சுக்க. தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்தெல்லாம் ஒழுங்காக் கெடைக்குதா?"

"கெடைக்குதுங்க மிஸ்."

"எங்கடி கெடைக்குது? போன மாசம் இருமல் மருந்துக்குப் போத்தலத் தூக்கிக்கிட்டு மூணு தடவ நடந்தியே!"

"நாலாவது தடவ கெடச்சுருச்சே அக்கா."

"ஒக்கார எடம் வசதியா இருக்கா?"

"பெஞ்சு இருக்கே."

"அந்தப் பெஞ்சு ஆணியில ஒன் சீல கிழிஞ்சு போச்சுன்னு மூணு நாளு எங்கிட்ட அழுதியா இல்லியா?"

நாகலெட்சுமி யோசித்தார். "அழுதேந்தான். ஆனா ஆணி ஒரு மூலையிலதான் அக்கா இருக்கு. மத்த எடமெல்லாம் வழுவழுன்னு இருக்கு."

குடத்தை இடுப்பில் ஏற்றியவாறே ஒருத்தி, "ஐவியக்கா கொழாயத் திட்டுனாங்க, இன்னும் தண்ணி வரல. இப்ப டொக்டரையாவத் திட்டி, அவரும் வராம போயிடப் போறாரு" என்றாள். குழாயடி முழுவதும் சிரித்தது. ஐவி சிரிக்கவில்லை. குழாய் பற்றிய ஐந்து முறைப்பாடுகளும் இன்னமும் பரிசீலனையில் இருந்தன.

பெப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. பணிமனையிலிருந்து பிரேமினி வந்தார். நுவரெலியாவில் வீடு, வயது இருபத்தாறு, கையில் நாற்பத்து மூன்று படிவங்கள், பெயர்ப்பட்டியலில் நாற்பத்து மூன்று கிளினிக் நோயாளிகள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அன்றைக்கு மலையில் அந்த நாற்பத்து மூவருக்கும் பேர் வெட்டு இல்லை என்று தோட்ட நிர்வாகியான துரை சொல்லியிருந்ததால், வரிசை ஒன்பதேகாலுக்கே நின்றுவிட்டது.

படிவத்தில் இருபது கேள்விகள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஐந்து கட்டங்கள். "ஒண்ணுன்னா ரொம்ப மோசம், அஞ்சுன்னா ரொம்ப நல்லது. மனசுல உள்ளத அப்படியே சொல்லுங்க" என்று பிரேமினி விளக்கினார். முதலில் உட்கார்ந்தவர் பழனியாண்டி. அவர் படிவத்தைக் கையில் வாங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். மேலே சிவராசாவின் பெயர். கீழே கோடு கோடாக வரிகள். வரிதோறும் கட்டங்கள். நாற்பது ஆண்டு கங்காணி வேலையில் அவர் தினமும் பார்த்த காகிதம் அது. தொழிலாளியின் பேர் விழும் செக்குரோல் இப்படித்தான் இருக்கும்.

"எத்தன போடட்டும் தாத்தா?"

"முழுசாப் போடுங்க மிஸ்."

"ஒவ்வொரு கேள்வியாக் கேக்கணும்..."

"கேளுங்க. கேட்டுட்டு முழுசாப் போடுங்க. அந்த மனுசன் ஒரு நாளும் பாதியில எறங்கிப் போனதில்ல. அவருக்குப் போயி அரைப் பேரா போடுறது? நான் சர்வீஸ்ல இருந்தப்பவே மழைக்கு ஒதுங்குன புள்ளைகளுக்கும் முழுப் பேர் போட்டவன்."

கடைசிச் செய்தி வரிசையில் நின்ற பலருக்குப் புதியது. அந்தக் காலத்து மழைகளை நினைவில் வைத்திருந்த இரண்டு மூன்று பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அவர் சொன்னதன் சாரம் வரிசை நெடுகப் பரவிவிட்டது: டொக்டரையாவின் பேர் விழும் காகிதம் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு, ஒரே ஒரு தடவை தவிர, பிரேமினியின் பேனா ஐந்தாம் கட்டத்தை விட்டு இடது பக்கம் நகரவில்லை. "மருந்து தட்டுப்பாடின்றிக் கிடைக்கிறதா?" ஐந்து. "பரிசோதனைக் கருவிகள் போதுமா?" ஐந்து. இல்லாத சீனி மெசினுக்கும் ஐந்து. ஒருவர், "ஆறு இல்லீங்களா மிஸ்?" என்று கேட்டார்.

ஐவியின் முறை பதினெட்டாவது. அவர் உட்கார்ந்த விதத்திலேயே, இந்த அம்மாள் வேறு மாதிரி என்று பிரேமினிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேனாவைச் சரிபார்த்துக்கொண்டார். ஐவி தொண்டையைச் செருமினார். எல்லாம் மனப்பாடம்: ஒன்று, ஒன்று, ஒன்று, இருபது முறை.

"முதல் கேள்வி. நீங்க சொல்றதப் பொறுமையாக் கேக்குறாரா?"

ஐவி வாயைத் திறந்தார். 2022இல் பஸ் குறித்த நான்காவது முறைப்பாட்டை முழுவதுமாக, எதிர்வாதங்களோடு, சிவராசாவிடம் வாசித்துக் காட்டிய பின்னேரம் நினைவுக்கு வந்தது. நாற்பது நிமிடம். நடுவில் ஒரு முறைகூட அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதோடு, அழைக்காமலே, 1991ஆம் ஆண்டும் வந்தது. காய்ச்சலோடு மலையேறிய ஒரு நாள், ஒரு கிலோ குறைந்ததற்காக ஐவிக்கு அரைப் பேர் விழுந்தது. அதைப் போட்ட கங்காணியை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. இப்போது பேனா வேறொருவரின் பெயருக்கு மேல் நிற்கிறது. சொல்ல வேண்டியது தன் வாய்.

"சொல்லுங்கம்மா."

"அஞ்சு" என்றார் ஐவி. அந்தச் சொல் யாரோ பின்னாலிருந்து சொன்னது போல அவருக்கே கேட்டது.

இருபதாவது கேள்வி முடிந்தபோது நூறு. ஐவி எழுந்து வெளியே போய், பிள்ளைமடுவத்துச் சுவரோரம் நின்றுகொண்டு, தன்னைத் தானே வாய்விட்டு ஏசினார். ஐந்து வரிகள் நீண்ட அந்த ஏச்சைக் கேட்டு, தொட்டிலில் தூங்கிய குழந்தையொன்று விழித்துக்கொண்டது.

பன்னிரண்டரைக்குப் பிரேமினி சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது எதிரே ஐவி வந்து நின்றார்.

"மிஸ், ஒரு முறைப்பாடு."

"டொக்டரையா மேலயாம்மா?" பிரேமினிக்கு முகம் மலர்ந்தது. அதுவரை இருபத்தொன்பது படிவங்கள், ஐந்நூற்று எண்பது பதில்கள். ஐந்நூற்று எழுபத்தொன்பது ஐந்தும் ஒரு நான்கும். நான்கு, நாகலெட்சுமியுடையது. ஆணிக்காக.

"அவரு மேல இல்ல. ஒங்க மேல. ஒங்க கேள்வி ஒண்ணும் சரியில்ல."

பிரேமினி சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"ஆளப் பத்திக் கேட்டா எங்க ஆளுக கொறையச் சொல்ல மாட்டாங்க மிஸ். பாத்தீங்கள்ல, நானே சொல்லல. நான் சாமியாருக்கே பூச மணி பிந்துதுன்னு எழுதிக் குடுத்தவ. ஒரு மனுசன் பேர வெட்டுற வேல எங்களுக்கு வராது. எங்கள வெட்டுனதக் கேளுங்க, கடகடன்னு சொல்லுவோம்."

"என்ன கேக்கச் சொல்றீங்க?"

"கிளினிக்குக்குப் போயிப் போன வருசம் எத்தன பேர் போச்சுன்னு கேளுங்க. அது ஒண்ணே போதும்."

"அப்படி ஒரு கேள்வி படிவத்துல இல்லியேம்மா."

"கடைசிப் பக்கத்துல சும்மா எடம் கெடக்கே."

கிடந்தது. 'வேறு கருத்துகள்' என்ற தலைப்பின் கீழ் மூன்று கோடுகள். அதுவரை ஒருவரும் தொடாத கோடுகள். பிரேமினி கோடுகளைப் பார்த்தார், ஐவியைப் பார்த்தார், ஆறிக்கொண்டிருந்த சோற்றைப் பார்த்தார். "சரி, ஒராளக் கூப்பிடுங்க பாப்போம்" என்றார்.

ஐவி வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தார். கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து மேல் மலைக்குக் கேட்கும் குரல் அது. பதில் சொல்லிவிட்டுப் போனவர்களெல்லாம் பாதிச் சாப்பாட்டோடு திரும்பி வந்தார்கள்.

"போன வருசம் கிளினிக்கால எத்தன பேர் போச்சு?" என்று பிரேமினி கேட்டதும் நாகலெட்சுமி மூச்சுவிடக்கூட நேரம் எடுக்கவில்லை. "பதினாலரை. சீனிக்குப் பன்னெண்டு, கண்ணு காட்ட ரெண்டு. மாசியில ஒரு நாளு பஸ் ஒடஞ்சு, பாதி வழியில எறங்கி வந்து அந்தியில பறிச்சேன், அரை."

"திகதி எல்லாம் ஞாபகம் இருக்கா?"

"பிள்ளைக பொறந்த நாளு மறக்கும் மிஸ், போன பேரு மறக்குமா?"

அதன் பிறகு பேனாவுக்கு ஓய்வில்லை. ஒன்பது. பன்னிரண்டு. பதினொன்றரை. தனக்குப் பேரே கிடையாது, பென்சன்காரன் என்று பழனியாண்டி தொடங்கி, தன்னைக் கைத்தாங்கலாக அழைத்துப் போகும் மருமகளுக்குப் போன பன்னிரண்டைச் சொல்லி முடித்தார். மருமகள் குறுக்கிட்டுப் பதின்மூன்று என்று திருத்தினார். சந்தியில் மாமனாரின் தடி தொலைந்து தேடிய நாள் தனி. எண்ணோடு சேர்த்து எல்லாமே வந்தன: வழுக்கும் படி, நிற்காத பஸ், வரிசையில் மயங்கி விழுந்தவர், ஆணி. மூன்று கோடுகள் போதாமல் படிவங்களின் பின்புறமும் நிறைந்தது. நான்கரைக்குக் கூட்டிப் பார்த்தபோது நாற்பத்து மூவருக்கும் ஓராண்டில் போனது நானூற்றுத் தொண்ணூற்றேழரைப் பேர்.

கூச்சல் கேட்டு ஓடிவந்த சிவராசா வாசலிலேயே நின்றார். "என்ன, எனக்கு ஏச்சோ?" என்றார், நம்பிக்கையோடு.

"இல்லீங்கய்யா" என்றார் ஐவி. "ஒங்களுக்கு எல்லாரும் முழுசாப் போட்டுட்டோம்."

அவர் முகம் வாடியது. அதைப் பார்த்த நாகலெட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, அந்த ஒண்ணு நாந்தான் கொறச்சேன். அது பெஞ்சுக்குங்க, ஒங்களுக்கில்ல" என்று ஆறுதல் சொன்னார்.

ஏப்ரல் 9ஆம் திகதி பணிமனையிலிருந்து இரண்டு உறைகள் வந்தன. முதலாவதில் பொன்னிறக் கரை போட்ட சான்றிதழ்: மொத்தம் 4,300 புள்ளிகளில் 4,299, ஐந்து இடங்களிலும் முதலிடம். இரண்டாவதில் நடமாடும் கிளினிக்குக்குத் தெரிவான முதல் இடத்தின் பெயர். நகரத்தை ஒட்டிய வீட்டுத்திட்டம் அது. கடைக்காரர்களும் உத்தியோகத்தர்களும் வாழும் பகுதி. நடந்துபோகும் தூரத்தில் ஆஸ்பத்திரி, காத்திருக்குமிடத்தில் மின்விசிறி, கதிரைகள். அவர்கள் கொடுத்தது ஐந்துக்கு 2.3. மின்விசிறி சத்தம் போடுகிறதாம். இரண்டாவது இடம் பரிசீலனையில்.

"ஃபேன் சத்தம் போடுதுன்னு வாயத் தொறந்து சொன்னாங்களா!" என்று ஐவி வியந்தார். பொறாமையைவிட மரியாதையே அதில் அதிகம். ஆனால் பரிசீலனை என்ற சொல்லோடு அவருக்கு ஒன்பது ஆண்டுப் பழக்கம்.

அன்றிரவே அன்டனை உட்கார வைத்தார். பதினைந்தாவது முறைப்பாடு, சுகாதாரப் பணிமனைக்கு. விடயம்: கேள்வி பிழை. "எங்கள் டொக்டரையாவுக்கு நாங்கள் போட்ட புள்ளியில் மாற்றமில்லை. ஒன்றைக்கூடத் திருப்பித் தர மாட்டோம். ஆனால் படிவத்தின் பின்பக்கத்தை யாராவது படித்தீர்களா?" அன்டன் முத்து முத்தாக எழுதிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கருத்துச் சொன்னார்: "பின்பக்கம்ங்குற சொல்லுக்குக் கீழ ரெண்டு கோடு போட்டுக் காட்டணும்." கோடு போட்டார்கள்.

பின்பக்கத்தை யார் படித்தார்கள் என்பது பதிவுகளில் இல்லை. பிரேமினி தம் அதிகாரியின் மேசையில் நாற்பத்து மூன்று படிவங்களையும் தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததாக ஒரு பேச்சு உண்டு, உறுதிப்படுத்த முடியவில்லை. மே 17ஆம் திகதிக் கடிதத்தில், இரண்டாவது இடம் கெல்பிரே தோட்டம் கீழ்ப்பிரிவு என்றிருந்தது. நாள்: மாதத்தின் இரண்டாவது செவ்வாய். இடம்: பிள்ளைமடுவம். வேளை: பின்னேரம் மூன்று மணி, மலையில் பேர் விழுந்த பிறகு.

முதல் கிளினிக் 2024 ஜூன் 11ஆம் திகதி நடைபெற்றது. பெயர் பதிவு செய்திருந்த நோயாளிகள் நாற்பத்து மூவர். வந்தவர்கள், பேர் போய்விடும் என்று அதுவரை நகரத்துக் கிளினிக்குக்கே போகாதவர்களையும் சேர்த்து, நூற்றுப் பதினெட்டு.